பதின்மூன்றுக்கு நாலு

பஞ்சிகாவத்தையில் ஃபஸ்மில் நானா
செத்த லப்டொப் பற்றரிகளைக் கிலோக் கணக்கில் நிறுப்பார்,
நெத்தலிக் கருவாடு மாதிரி.
மூன்று கிலோ வாங்கினேன்.
"எரிஞ்சா என்னட்ட வராதீங்க மிஸ்" என்று
சொப்பிங் பையை இரண்டு முடிச்சுப் போட்டுத் தந்தார்.

மட்டக்குளியில் எங்கள் வீடு மூன்றாம் மாடி.
குசினி மேசையில் வைத்து
ஒவ்வொரு ஓடாய் உடைத்தேன்.
ஒரு பற்றரிக்குள் ஆறு செல்.
இரண்டு செத்தால் போதும்,
ஆறுக்கும் சேர்த்து மரணச் சான்றிதழ் எழுதிவிடுவார்கள்.
நான் சட்டத்தரணி ஒருவரிடம் தட்டச்சு செய்பவள்,
சான்றிதழ்களை அவ்வளவு சீக்கிரம் நம்பமாட்டேன்.
மல்ரிமீற்றரின் முனையை வைத்தேன்:
மூன்று தசம் ஏழு. மூன்று தசம் எட்டு. பூச்சியம்.
மூன்று தசம் ஆறு.
ஓர் ஓட்டில் வெள்ளைப் பேனையால் எழுதியிருந்தது:
ஷிரோமி, கணக்குப் பிரிவு.
ஷிரோமியிடம் நாலு உயிரோடிருந்தன.

வேண்டியது ஐம்பத்திரண்டு.
பதின்மூன்று வரிசை, வரிசைக்கு நாலு.
எண்ணி முடித்த பிறகுதான் சிரிப்பு வந்தது,
இது ஒரு கட்டுக் காட்ஸ் அல்லவா.
ஏஸ் நாலு, இரண்டு நாலு, ராசா வரை.
பலமானதோடு நோஞ்சானைச் சேர்த்து
வரிசைக்கு வரிசை சமன் வரும்வரை
கலைத்தேன், பிரித்தேன், திரும்பவும் கலைத்தேன்.
றெஜினோல்ட் எட்டிப் பார்த்துக் கேட்டான்,
"துரும்பு என்ன?"
அடுத்த நாள் முகத்துவாரக் கடற்கரையிலிருந்து
ஒரு வாளி மணல் கொண்டுவந்து
மேசைக் காலடியில் வைத்தான். ஒன்றும் சொல்லவில்லை.
கலியாணம் கட்டிய பதினொரு வருடத்தில்
அவன் தந்தவற்றில் இதுதான் பாரம்.

மோட்டார், எங்கோ மோதி நசிந்த வண்டியின் பின் சில்லு.
தடித்த வயர் மூன்று, மெல்லியது ஐந்து.
மஞ்சளை மஞ்சளோடு சேர்த்தால் விக்கியது.
பச்சையை மாற்றினால் உறுமியது.
இரவு பதினொன்றுக்கு, ஒரு வழியாக,
எண்ணெயில் வழுக்குவது போல் சுற்றியது,
பின்னோக்கி.
கீழ்வீட்டு குளோட்டில்டா அன்ரி
தும்புத்தடியால் தன் கூரையை இடித்தாள்.

நாலு லீற்றர் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் பற்றரி.
லுமாலா சைக்கிளின் நடுக்கம்பியில் பெட்டி.
ஞாயிறு காலை,
கொட்டாஞ்சேனை தாண்டும்வரை நான் மிதிக்கவேயில்லை.
முதலில் வெட்கமாயிருந்தது,
யாரோ சீற்றைப் பிடித்துத் தள்ளுகிறார்கள்,
திரும்பிப் பார்த்தால் ஆளில்லை.
ஆமர் வீதிச் சந்தியில் பொலிஸ்காரர் கை காட்டினார்.
எஞ்சின் நம்பர் கேட்டார்.
எஞ்சின் இல்லை என்றேன், சிங்களத்தில், இரண்டு தரம்.
குனிந்து தேடினார். நிமிர்ந்தபோது வேறு முகம்:
கரண்ட் பில் எவ்வளவு வரும்,
தன் மனைவியின் ஸ்கூட்டிக்கும் இப்படிச் செய்யலாமா.
என்னிடம் விசிற்றிங் காட் இல்லாததால்
சட்டத்தரணியுடையதைக் கொடுத்தேன்.

புதுக்கடை ஏற்றம்.
பாதியில் முறுக்கினேன், பதிலில்லை.
இறங்கி, நீதிமன்ற மதிலோரம் பெட்டியைத் திறந்து
வரிசை வரிசையாய் அளந்தேன்.
பன்னிரண்டும் நாணயமாய் நின்றன.
ஒன்பது மட்டும் இரண்டு தசம் ஏழு.
நாலு ஒன்பதில் எதுவோ ஒன்று
மேசையில் ஒரு கிழமை நல்ல பிள்ளையாய் எண் காட்டிவிட்டு
பாரம் ஏறியதும் கையை விரித்திருக்கிறது.
இந்த மதிலுக்கு உள்ளே
கூண்டில் ஏறியதும் அப்படிச் செய்தவர்களின் வாக்குமூலங்களை
மூன்று பிரதி தட்டச்சடித்திருக்கிறேன்.

மிச்சத்துக்கு முழங்கால்கள்.
மோட்டாரின் பாரத்தையும் நானே மிதித்தேன்.
மதில்மேல் ஒரு காகம் நடந்தே வந்தது,
என்னிலும் வேகமாக.

உச்சியில் மூச்சு வாங்க வாங்க
றெஜினோல்டுக்குப் போன் எடுத்தேன்.
மணலைக் கொட்டிப்போடாதே,
இரவைக்குத் திரும்பக் கலைக்க வேணும்.